ஏரிச் சங்கு

காலை ஐந்து மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது.

லிபியா விழித்துத்தான் இருந்தாள். சங்கு மெல்ல ஏறியது. உச்சியில் நின்றது. மெல்ல இறங்கியது. அது இறங்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் குழாய் திறந்தது. மாடியில் ஸ்டவ் பற்றவைத்தார்கள். யாரோ யாரையோ, "எந்திரி, எந்திரி, சங்கு ஊதிருச்சு" என்றார்கள். ஓசூரில் அந்த நேரத்துக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களை அந்தச் சத்தமே எழுப்பி, குளிக்கவைத்து, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிடும்.

அவளும் எழுந்தாள். பல் துலக்கினாள். இன்று தொட்டேரிப்பள்ளிக்குப் போக வேண்டும். பொற்கொடி சாயங்காலம் ஊரைக் காலி செய்கிறாள். அதற்குள் அவளைப் பார்த்துவிட வேண்டும்.

தொட்டேரிப்பள்ளியில் ஏரிக்கரை உடைந்து மூன்று வாரம் ஆகிறது. லிபியாவுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அவள் படிப்பை முடித்த வருடம் கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த மாதமே நாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தது. பறிகொடுத்தவர்களிடம் கேள்வி கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அங்கே பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டாள். பிறகு அந்த முகமே நிலைத்துவிட்டது.

அதன்பின் வேலைக்குக் குறைவில்லை. புயல், வறட்சி, வெள்ளம். மாறிப்போன மழைக்கு மக்கள் தங்களை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. அவளுடைய அம்மா அதை வெள்ள வேலை என்பாள். "வெள்ள வேலை எப்பிடிப் போவுது?" என்று போனில் கேட்பாள். போகுது என்பாள் லிபியா.

தொட்டேரிப்பள்ளி பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு முன்னால், ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஊருக்கும் கீழே, முன்பு நெல் விளைந்த பள்ளத்தில், ஊர்க்காரர்கள் வாடகைக்குக் கட்டிவிட்ட லைன் வீடுகள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஒற்றை அறைகள். கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திக்காரர்கள் அவற்றில் இருந்தார்கள். விடியற்காலையில் கம்பெனிச் சங்கு அங்கேயும் கேட்கும். பத்து நாளில் பெய்கிற மழை இப்போதெல்லாம் ஒரே மூச்சில் பெய்தது. ஏரியோ பாதி தூர்ந்து கிடந்தது. அதனால்தான் லிபியாவின் நிறுவனம் அந்த ஊரைப் பிடித்தது. கரை உடையும்போல் இருந்தால் ஊரை எழுப்ப ஒரு சங்கு. கரண்டு போனாலும் ஊத வேண்டும் என்பதால் கையால் சுற்றுகிற சங்கு.

அதைத் தேர்ந்தெடுத்தவள் லிபியா.

மூன்று சங்குகளைக் கொண்டுபோய் ஊர்க்கூட்டத்தில் சுற்றிக் காட்டினாள். முதலாவது போலீஸ் வண்டி போலக் கத்தியது. "மந்திரி வர்றாருன்னு வேடிக்கை பாக்கப் போயிருவாங்க" என்றார்கள். இரண்டாவது கீச்சென்றது. குழந்தைகள் சிரித்தார்கள். மூன்றாவதைச் சுற்றியதும் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊர்க்குழுத் தலைவர் வெங்கடசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மேடம், இது கம்பெனிச் சங்கேதான். இந்தச் சத்தம் கேட்டா செத்தவனும் எழுந்து டிபன் பாக்ஸைத் தேடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். லிபியாவும் சிரித்தாள். அதையே வாங்கினாள். உடம்புக்கு ஏற்கெனவே பழகிய சத்தம். புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்டவுடன் எழுந்துவிடுவார்கள். இதைக் கட்டுரையாக எழுதினாள். வெங்கடசாமி சொன்னதையும் அதில் சேர்த்தாள். பெங்களூரில் வாசித்தபோது அந்த இடத்தில் சபை சிரித்தது. இரண்டொருவர் கைதட்டினார்கள்.

ஒத்திகை ஒரு வேலைநாளில், நல்ல வெயிலில் நடந்தது. பார்வையிட வந்த அதிகாரிக்கு அதுதான் வசதி. விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் ஏரி. எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓட வேண்டும். ஊர்ச் சனம் ஆடு மாடுகளோடு ஓடியது. லைன் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் நைட் ஷிப்டு முடித்துக் காதில் பஞ்சை அடைத்துத் தூங்கினார்கள். எழுப்பட்டுமா என்று லிபியா கேட்டாள்.

"விடுங்க மேடம்" என்றார் வெங்கடசாமி. "வாடகைக்கு இருக்கறவங்க. இன்னைக்கு இந்த லைனு, நாளைக்கு வேற லைனு. அவங்களுக்கு எதுக்கு ஊரு விஷயம்?"

தூங்குகிறவர்களை எழுப்ப அவளுக்கும் மனம் வரவில்லை.

கரை உடைந்தது விடியற்காலையில். ஊர் மேட்டுக்கு ஏறிவிட்டது. லைன் வீடுகளில் மார்பளவு தண்ணீர் வந்தது. சங்கைக் கேட்டு, நம் ஷிப்டு இல்லை என்று புரண்டு படுத்தவர்கள் தண்ணீர் பாயை நனைத்ததும் எழுந்து கூரைமேல் ஏறித் தப்பினார்கள். அண்ணாதுரை என்ற ஒருவர் மட்டும் இல்லை. ஆறு மணி ஷிப்டுக்காரர். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால் இருக்கிற தரைப்பாலத்தில் அவரைத் தண்ணீர் கொண்டுபோனது. அவன் பொண்டாட்டிதான் எழுப்பி அனுப்பினாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனைவி பொற்கொடி அதை மறுக்கவில்லை.

அவள் எதற்காக எழுப்பினாள் என்பது லிபியாவுக்குத் தெரியும் போல் இருந்தது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள, விசாரிக்காத வீடு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

பாகலூரில் வண்டியை நிறுத்தி டீ சொன்னாள். போன் அடித்தது. மோகன்குமார். திட்டத்தின் இயக்குநர், பெங்களூரில் இருக்கிறவர்.

"லிபியா, ரிப்போர்ட் எப்போ வரும்?"

"இன்னும் ஒரு வீடு சார். அண்ணாதுரை வீடு."

"அதை ஏன் ஏரியோட சேக்கறீங்க? ஏரி உடைஞ்சதுல ஊர்ல ஒரு உயிர் போகல. அவர் போனது பாலத்துல. பாலம் ரோட்டைச் சேர்ந்தது."

"தண்ணி ஏரித் தண்ணி சார்."

"சரிம்மா. சங்கு ஊதுது. ஊரே மேட்டுக்குப் போகுது. அந்த மனுஷன் மட்டும் ஏன் பாலத்துக்குப் போறாரு?"

"அதைக் கேக்கத்தான் போயிட்டிருக்கேன்."

"கேளுங்க. சீக்கிரம் கேளுங்க. பாகலூர் சுத்துவட்டாரத்துல இன்னும் நாலு ஏரிக்குச் சங்கு வந்து இறங்கியாச்சு. அதே மாடல். திங்கட்கிழமை மாட்டறோம்."

"சார், அந்தச் சத்தம்..."

"சத்தத்துக்கு என்ன?"

"கம்பெனிச் சங்கு மாதிரியே இருக்கு."

மோகன்குமார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அதுதானேம்மா உங்க பேப்பரு?"

டீ ஆறிப்போயிருந்தது. ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் காசு கொடுத்தாள்.

கங்கப்பன் வீடு ஏரிக்கரை ஓரத்தில் இருந்தது. மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. கரையில் கசிவைப் பார்த்துச் சங்கைச் சுற்றியவர் அவர்தான். அதற்காக ஊர் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. இப்போது அது வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் முதுகில் கிடந்தது.

"வாம்மா. நல்லவேள வந்த. இத எடுத்துனு போயிரு" என்றார். சங்கு சாக்கில் சுற்றித் தாழ்வாரத்து மூலையில் கிடந்தது.

"ஏங்கண்ணா?"

"வேணாம்மா. வூட்டுக்காரி அது பக்கத்துல விளக்கு வெக்க மாட்டேன்றா."

"அதாலதானே ஊர் பொழைச்சது."

"பேடம்மா." வேண்டாம் என்பதுகூட அவசரத்தில் அவருக்குக் கன்னடத்தில் வரும். "நீயும் சொல்லாத. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

குந்தி உட்கார்ந்தார். பீடியை எடுத்தார். பற்றவைக்கவில்லை.

"நீ சொன்னாப்பலதான் ஊதுனேன். வுட்டு வுட்டு மூணு. மறுபடி மூணு. மழன்னா மழ. கை வழுக்குது. இன்னும் வெளுக்கல. நடுவுல டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். கீழ லைன் வூட்டுலேர்ந்து ஒரு ஆளு கொடைய புடிச்சினு வர்றாரு. கையில டிபன் பாக்ஸ் பையி. பரவால்லியே, இந்த ஆளு முழிச்சிக்கினாரு, சோறு கூட எடுத்துனு மேட்டுக்குப் போறாருன்னு நெனச்சேன். 'ஓடுங்க, சீக்கிரம் ஓடுங்க'ன்னு கத்துனேன்."

"அவரு?"

"கைய ஆட்டுனாரு. 'வந்துட்டேண்ணே, பஸ்ஸக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க'ன்னுட்டு ஓடுனாரு."

ஆட்டுக்குட்டி கத்தியது. கங்கப்பன் அதைப் பார்த்தார்.

"தண்ணின்னு கத்தியிருக்கலாம். ஏரின்னு கத்தியிருக்கலாம். நீ சொல்லிக் குடுத்ததுல ஓடுங்கன்னுதானம்மா இருந்துச்சு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சால்வ போடறப்ப எப்பிடிம்மா சொல்றது?"

அவரே சங்கைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கைகளையும் லுங்கியில் துடைத்துக்கொண்டார். லிபியா காலை அகட்டி வைத்து ஓட்டிப் போனாள்.

லைன் வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒரே உயரத்தில் ஓடியது. ஒரு வாசலில் நனைந்த தலையணையை இன்னும் காயவைத்திருந்தார்கள். பொற்கொடியின் அறையில் மூட்டைகள் கட்டியாகிவிட்டன. ஸ்டவ் ஒன்றுதான் வெளியே இருந்தது. மாடத்தில் தீப்பெட்டி.

"வாங்க மேடம். உக்காரச் சொல்ல ஒண்ணுமில்ல. பாயக் கட்டிட்டேன்."

"பரவால்ல." தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் வேன் கொண்டாறாக. மானாமதுர போய்ச் சேர விடிஞ்சுரும்." பொற்கொடியின் குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. மாவு அரைக்கப் போவதைச் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க கேளுங்க மேடம். எல்லா வீட்டுலயும் கேட்டீகளாம்ல."

லிபியா பயிற்சியில் சொன்ன முகத்தை வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை.

"சங்குச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இந்த லைன்ல மொதல்ல கேட்டதே நாந்தேன்."

"கேட்டதும் என்ன செஞ்சீங்க?"

"அவுகள எழுப்பினேன். எந்திரிக்கல. மொத நாளு ஓவர்டைம் பாத்துட்டு வந்தாக. காலப் புடிச்சு இழுத்தேன். 'அஞ்சு ஆயிருக்காதுடி'ன்டாக. 'மூணு தடவ ஊதுறான், இன்னைக்கு என்னமோ அவசரம் போல, லேட்டாப் போனா கேட்டுல நிப்பாட்டிருவாக'ன்டு வஞ்சேன். அடுப்புப் பத்தவைக்க நேரமில்ல. முந்தின நாளு எலுமிச்சம் சோறு இருந்துச்சு. அதைக் குடுத்து அனுப்புனேன்."

சொல்லிவிட்டு ஸ்டவ்வைத் துணியால் துடைத்தாள்.

லிபியா மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். எச்சரிக்கையைக் கேட்டார். உடனிருந்தவரை எழுப்பினார். தாமதமின்றி வெளியேறினார். எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம். ஊரிலேயே அவ்வளவு சரியாகச் செய்த வீடு வேறு இல்லை. பேனாவை மூடினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. சரோஜம்மாள். வெங்கடசாமியின் மனைவி, லைன் வீட்டுக்குச் சொந்தக்காரி. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பொற்கொடி, சாவிய மறக்காம குடுத்துட்டுப் போ. மேடம் வந்துருக்கீங்களா? பாவம் மேடம், நல்ல பொண்ணு. ஒருநாள் ஒரு சண்ட சத்தம் கேட்டதில்ல இந்த வூட்டுல. ஆனா இத்தன நாளு இங்கியே குடியிருந்துட்டு, ஏரிச் சங்கு எது, கம்பெனிச் சங்கு எதுன்னு தெரியலையே. எங்க வூட்டு மாடு கூட அறுத்துக்கினு மேட்டுக்கு ஓடுச்சு."

"ஆமாக்கா" என்றாள் பொற்கொடி.

சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். அந்தச் சங்கை வாங்கியது யார், எதற்காக அந்தச் சத்தம், சரோஜம்மாளின் புருஷன் அன்று என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார் என்று. லிபியா வாயைத் திறந்தாள்.

"சாவியை அப்புறம் குடுப்பாங்கம்மா" என்றாள்.

சரோஜம்மாள் போய்விட்டாள். பொற்கொடி வாசலைப் பார்த்தபடி இருந்தாள். அவள் பார்த்தது சரோஜம்மாளை அல்ல. வண்டியை. சாக்கு ஒரு பக்கம் விலகி, சிவப்பு வாய் தெரிந்தது.

"அதுதேனா மேடம்?"

"ஆமா."

"நான் பாத்ததே இல்ல. உள்ள கொண்டாங்களேன்."

கொண்டுவந்து தரையில் வைத்தார்கள். பொற்கொடி கைப்பிடியைத் தொடவில்லை. மேலே மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா? ஒரு தடவ சுத்துங்க மேடம்."

"வேண்டாம். ஊர் பயந்துரும்."

"மெதுவா. கதவச் சாத்திக்கிருவோம்."

அவளே எழுந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத அறை. கதவின் கீழிருந்து மட்டும் வெளிச்சம் வந்தது. லிபியா மண்டியிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். அரைச் சுற்று. இன்னொரு சுற்று. சங்கு தொண்டையைச் செருமுவது போல் தொடங்கி, மெல்ல ஏறியது.

பொற்கொடி எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. இரண்டு எட்டு நடந்தாள். கை மாடத்துக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்தது. ஸ்டவ்வின் முன் குனிந்தாள். குச்சியை உரசப்போன இடத்தில் நின்றுவிட்டாள்.

லிபியா கைப்பிடியை விட்டாள். சத்தம் தானாக இறங்கியது. அது இறங்கும்வரை இருவரும் அசையவில்லை.

சுவருக்கு அப்பால் ஒரு ஆண்குரல் தூக்கக் கலக்கத்தில், "டேய், மணி என்னடா? பஸ்ஸு போயிருச்சா?" என்றது.

"உனக்கு நைட்டுடா. பேசாம படுறா" என்றது இன்னொரு குரல்.

பொற்கொடி தீப்பெட்டியை மாடத்தில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வந்து லிபியாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. பைக்குள் லிபியாவின் போன் அதிர்ந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. திங்கட்கிழமை விஷயமாக இருக்கும்.

"எடுக்கலையா மேடம்?"

"வேண்டாம்."

பொற்கொடி தீப்பெட்டியைத் திறந்தாள். மூடினாள்.

"ஊருல அவுக ஆத்தா இருக்காக" என்றாள். "புள்ளய எதுக்குடி அந்த மழையில எழுப்பி அனுப்புனன்டு கேப்பாக. நான் ஏதாச்சும் சொல்லணும்ல. இங்கன மாட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. இன்னொரு தடவ சுத்துங்க மேடம், இந்தவாட்டி நல்லாக் காது குடுத்துக் கேக்குறேன். இது ஏரிச் சங்குன்டு எந்த எடத்துல தெரியுது?"